காவலின் கூலி



களவு நடந்தபின் கள்வனைத் தேடிப் பிடிக்கும் காவலரை நாம் எல்லோரும் அறிவோம். அவரைப் பற்றிக் கதைகள் உண்டு, நாடகங்களும் உண்டு. களவு நடவாதபடி வாயிலில் நிற்கும் காவலரைப் பற்றிக் கதை எழுதுவார் மிகச் சிலரே. ஆலை வாயிலிலும், இரயில் நிலையத்திலும், விமான நிலையத்திலும், அணைக்கட்டின் கரையிலும் அவர் இரவு பகலாக நிற்கிறார். அவருடைய வெற்றி என்பது ஒன்றும் நடவாமையே ஆகும். ஒன்றும் நடவாத இரவுக்குச் சான்று இல்லை. ஆனால் அந்த இரவுக்குச் செலவு உண்டு. ஆகையால், பணமுடை வரும்பொழுதெல்லாம், "இத்தனை காவலர் எதற்கு?" என்ற கேள்வி முதலில் இவரை நோக்கியே எழுகிறது.

இக்கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. காவலுக்குக் கூலி கொடுப்பவர் யார்? காவலரின் தொகையை வரையறுப்பவர் யார்? காவலர் யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவர்? இம்மூன்றுக்கும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. அவ்விடைகளின் வரலாற்றையே இன்று சுருக்கமாகக் காண்போம்.

காவலுக்குத் தனியே பணம் தண்டுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் "பாடிகாவல்" என்னும் சொல்லைக் காண்கிறோம். ஊரைக் காப்பதற்கென மக்கள் செலுத்திய இறை அது. பிற்காலத்தில், தென்பாண்டிச் சீமையில், ஊர் அளவில் "ஸ்தல காவல்" என்றும், பல ஊர்கள் அடங்கிய பகுதி அளவில் "தேச காவல்" என்றும் இருவகைக் காவல் உரிமைகள் நிலவின. பாளையக்காரர்கள் தேச காவலுக்குரிய பணத்தைத் தண்டினர். இம்முறையில் ஒரு சிறந்த நெறி இருந்தது. காவல் கூலி பெற்றவன் களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இயலாவிட்டால் அதன் மதிப்பைத் தானே ஈடு செய்யவேண்டும். கூலி வாங்கியவனே இழப்புக்கும் பொறுப்பு என்பது எத்துணைத் தெளிவான ஒப்பந்தம்!

ஆனால் இதே முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. கூலியை வாங்குபவனும், அதன் அளவை விதிப்பவனும், ஆயுதம் தாங்கிய ஆட்களை ஏவுபவனும் ஒருவனே. கூலி கொடாத ஊரில் களவு மிகுந்தால், அக்களவைச் செய்தவர் யார் என்று கேட்கும் துணிவு எவருக்கு உண்டு? காவல் பணம் சில இடங்களில் கப்பமாகவே மாறிற்று என்று கம்பெனி அதிகாரிகள் குறை கூறினர். அவர்கள் கூற்றில் தன்னலமும் கலந்திருந்தது. காவல் பணத்தின்மீதும் காவல் அதிகாரத்தின்மீதும் அவர்களுக்குக் கண் இருந்தது. 1799-ஆம் ஆண்டில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதையும், 1801-இல் பாளையங்கள் அடக்கப்பட்டதையும் தொடர்ந்து பாளையக்காரர்களின் காவல் உரிமையும் ஒழிந்தது. 1816-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் ஊர்த்தலைவரையும் தலையாரியையும் அரசாங்கத்தின் காவல் அமைப்பில் சேர்த்தது.

பாளையக்காரர்களின் காவல் உரிமை இங்கே முடிவை நெருங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கம்பெனியின் தலைநகராகிய இலண்டன் மாநகரிலே இதே சிக்கல் வேறோர் உருவில் தோன்றியது. அந்த வரலாறு சற்று விரித்துச் சொல்லத் தக்கது.

தேம்ஸ் நதி அக்காலத்தில் உலக வாணிகத்தின் பெருவாயில். சர்க்கரை, ரம் என்னும் சாராயம், காப்பி, நிலக்கரி முதலிய சரக்குகளுடன் கப்பல்கள் நடு ஆற்றிலே நெருங்கி நிற்கும். சிறு படகுகளில் சரக்கை இறக்கிக் கரைசேர்ப்பர். இவ்வாறு இறக்கும்பொழுது பெருந்தொகையான சரக்குக் களவுபோயிற்று. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் பவுன் மதிப்புள்ள பொருள் இவ்வாறு மறைகிறது என்று மதிப்பிட்டவர் பாட்ரிக் கோல்ஹூன் என்னும் நீதிபதி. அவர் ஸ்காத்லாந்து நாட்டினர். கிளாஸ்கோ நகரில் வணிகராக இருந்து, பின் இலண்டனில் நீதிபதியானவர். கப்பல் தொழிலில் பழகிய ஜான் ஹாரியட் என்பவர் ஒரு காவல் திட்டத்தை வகுத்திருந்தார். அறிஞர் ஜெரமி பெந்தாம் அதற்குரிய சட்ட நுணுக்கங்களில் உதவினார்.

திட்டம் ஆயிற்று, பணம் எங்கே? அரசாங்கம் தயங்கிற்று. சம்பளம் பெறும் போலீஸ் படை என்றாலே அக்காலத்து ஆங்கிலேயருக்கு அச்சம். அது பிரெஞ்சு நாட்டு ஒற்றர் ஆட்சியை ஒக்கும் என்று எண்ணினர். இறுதியில், மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிகம் செய்த வணிகர்களும் தோட்டக்காரர்களும் 4,200 பவுன் அளிக்க முன்வந்தனர். 1798-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், வாப்பிங் என்னும் கரைப்பகுதியில் தேம்ஸ் நதிப் போலீஸ் தன் வேலையைத் தொடங்கிற்று. காவலர் ஏறத்தாழ 50 பேர். ஆற்றுத் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் 33,000 பேர் என்பதும், அவர்களுள் 11,000 பேர் களவில் பங்குடையவர் என்பதும் கோல்ஹூனின் கணக்கு. ஐம்பதின்மர் முப்பத்து மூவாயிரம் பேரை எங்ஙனம் காப்பது? எல்லோரையும் பிடிப்பது அவர்கள் நோக்கமன்று. கண்முன்னே காவலர் இருப்பதைக் கண்டு கை நீளாதிருக்கச் செய்வதே அவர்கள் முறை. முதல் ஆண்டிலேயே 1,22,000 பவுன் மதிப்புள்ள சரக்கு காப்பாற்றப்பட்டது என்று கோல்ஹூன் கணக்குக் காட்டினார். 4,200 எங்கே, 1,22,000 எங்கே! பாதுகாப்புச் செலவு வீண்செலவன்று என்று காட்ட எண்களை எடுத்து வைத்து வாதாடிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

மாணவர்களே, இந்த எண்களைக் கண்டு நாம் உடனே தலையசைத்துவிடக் கூடாது. கணக்கைக் காட்டியவர் அத்திட்டத்தின் தந்தை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அன்றியும், "களவு" என்று எழுதப்பட்ட சொல்லுக்குள்ளேயே ஒரு வழக்கு இருந்தது. கப்பலில் சிந்திய சர்க்கரையைக் கூட்டி அள்ளிச் செல்வது கூலியாட்களின் நெடுநாளைய வழக்கம். களத்திலே சிந்திய நெல்லைப்போல அதனைத் தம் உரிமையென்று அவர்கள் கருதினர். பலருக்கு அதுவே கூலியாகவும் இருந்தது. கரி சுமப்போரும் சிறிது கரியை வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். புதிய போலீஸ் இவற்றையெல்லாம் களவு என்றது. சரக்கு இறக்குவோர்க்கு ஒழுங்கான கூலி வழங்க அது ஏற்பாடு செய்தது உண்மையே. ஆயினும், கரி எடுத்தவர்கள் தண்டிக்கப்பட்ட செய்தி பரவியதும், 1798 அக்டோபரில் சுமார் 2,000 பேர் திரண்டு வாப்பிங் காவல் நிலையத்தைத் தாக்கினர். அக்கலவரத்தில் நதிப் போலீஸைச் சேர்ந்த கேப்ரியல் பிராங்க்ஸ் என்பவர் சுடப்பட்டு இறந்தார்.

இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. கப்பலில் ஒரு படி சர்க்கரை குறைந்தால் காவலர் ஓடி வருவர். அதனை விளைவித்தவன் தன் வாழ்நாள் முழுவதையும் இழந்தமைக்கு எந்தக் காவலும் இல்லை. கூலி கொடுத்தவர்கள் வணிகர்கள். ஆகவே எது களவு, எது களவன்று என்பதும் அவர்கள் பார்வையிலேயே தீர்மானிக்கப்பட்டது. பணப்பை யார் கையில் உள்ளதோ, காவலின் கண் அவர் பக்கமே திரும்பும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்குறை ஓரளவு உணரப்பட்டது என்றே தோன்றுகிறது. 1800-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நதிப் போலீஸைத் தனியார் அமைப்பு என்ற நிலையிலிருந்து பொது அமைப்பாக மாற்றிற்று. 1829-இல் சர் ராபர்ட் பீல் இலண்டன் பெருநகரப் போலீஸை நிறுவியபொழுது, அதற்கான பணம் வணிகரிடம் கேட்கப்படவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துச் சொத்து வரியிலும், பவுன் ஒன்றுக்கு 8 பென்ஸ் வரை போலீஸ் வரியாகப் பெறப்பட்டது. வரி செலுத்திய வட்டார மக்கள், "பணம் எம்முடையது, ஆணை உள்துறை அமைச்சருடையதோ?" என்று முணுமுணுத்தனர். அதன் பயனாக 1833-இல் அரசாங்கம் செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றது. 1839-இல் நதிப் போலீஸும் பெருநகரப் போலீஸுடன் இணைந்தது.

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தை இயற்றியவர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். அச்சட்டத்தில் அடுத்தடுத்து மூன்று பிரிவுகள் உள்ளன. பதின்மூன்றாம் பிரிவின்படி, தனிப்பட்ட ஒருவர் வேண்டிக்கொண்டால் அவருடைய செலவில் கூடுதல் போலீஸாரை அமர்த்தலாம். பதினான்காம் பிரிவின்படி, இரயில் பாதை, கால்வாய், தொழிற்சாலை போன்றவை நடைபெறும் இடத்தில் கூடுதல் காவல் தேவைப்பட்டால், அவற்றை நடத்துவோரின் செலவில் அமர்த்தலாம். பதினைந்தாம் பிரிவின்படி, அமைதி குலைந்த பகுதியில் கூடுதல் போலீஸாரை நிறுத்தி, அதன் செலவை அவ்வூர் மக்களிடமே தண்டலாம்.

முதல் இரண்டும் காவல் வேண்டுவோர் கூலி கொடுக்கும் முறை. மூன்றாவதோ காவலின் பெயரால் தண்டனை. 1908-ஆம் ஆண்டு மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபொழுது, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. அதன் பின்னர் அவ்விரு நகரங்களிலும் தண்டனைப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு நகர மக்களின் தலையில் சுமத்தப்பட்டது. தம்மைச் சுட்ட போலீஸுக்குத் தாமே கூலி கொடுத்த மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கூலி கொடுப்பவர் ஆணையிடுவார் என்னும் விதி இங்கே தலைகீழாயிற்று. கூலி கொடுத்தவர்க்கு வாயே இல்லை. ஏனெனில் நாடு அடிமைப்பட்டிருந்தது.

இரயில் பாதைகளின் காவல் வரலாறு இவ்வளவு கொடியதன்று; ஆனால் மிகவும் பாடம் புகட்டுவது. 1854-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்திய இரயில்வே கம்பெனி தன் சரக்கைக் காக்கச் சிலரைப் "போலீஸ்" என்ற பெயரில் அமர்த்திற்று. 1861-இன் சட்டத்திற்குப் பின் அரசாங்கப் போலீஸ் அங்கே வந்தது, செலவு கம்பெனிகளுடையது. ஒரே காவலர் சரக்கையும் காக்கவேண்டும், குற்றத்தையும் துப்பறியவேண்டும், கூட்டத்தையும் ஒழுங்குபடுத்தவேண்டும். எதற்கு எத்தனை பேர், எதற்கு யார் பணம் என்ற பூசல் எழுந்தது. 1872-இல் ஒரு குழு இதனை ஆராய்ந்து, வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிற்று. குற்றமும் சட்டம் ஒழுங்கும் அரசாங்கப் போலீஸின் பொறுப்பு. சரக்கின் காவல் கம்பெனியின் பொறுப்பு. 1882-இல் இப்பிரிவினை நடைமுறைக்கு வந்தது.

கம்பெனிகள் செய்தது என்ன? இயன்றமட்டும் குறைந்த கூலிக்குச் சௌக்கிதார்களை அமர்த்தின. அவர்களுக்குப் பயிற்சி இல்லை. குற்றவாளியைச் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரமும் இல்லை. கையில் விளக்கும் தடியும் உண்டு. சரக்குக் களவு பெருகிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னரே இக்குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டில் இரயில்வே பாதுகாப்புப் படைச் சட்டம் பிறந்தது. 1966-இன் சட்டம் இரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்போரை விசாரிக்கும் அதிகாரத்தை அப்படைக்கு அளித்தது. 1985-இல் அது மத்திய அரசின் ஆயுதப் படைகளுள் ஒன்றாயிற்று. பழைய பிரிவினை இன்றும் நிலவுகிறது. இரயிலில் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் இருப்புப் பாதைப் போலீஸ் மாநில அரசுகளைச் சார்ந்தது. அதன் செலவை மாநில அரசும் இரயில்வேயும் சரிபாதியாகப் பகிர்ந்து கொள்கின்றன.

விடுதலைக்குப் பின் எழுந்த பெருந்தொழிற்சாலைகளுக்கும் காவல் தேவைப்பட்டது. உருக்காலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. அவற்றுக்குத் தனித்தனியே காவற்காரர்கள் இருந்தனர். ஒரே சீரான பயிற்சியும் தலைமையும் இல்லை. 1964-இல் இராஞ்சியில் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பெருந்தீ விபத்து நேர்ந்தது. அதனை ஆராய்ந்த நீதிபதி முகர்ஜி குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1968-இல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைச் சட்டம் நிறைவேறிற்று. 1969 மார்ச் 10-ஆம் நாள் அப்படை தோன்றியது. அன்று அதன் தொகை சுமார் 2,800. தொழிற்சாலைகள் கேட்டால் படை செல்லும். அதற்குரிய செலவைத் தொழிற்சாலையே மத்திய அரசுக்குச் செலுத்தவேண்டும். கூலி ஆலையினுடையது, ஆணை அரசினுடையது, அதிகாரம் சட்டத்தினுடையது. பாளையக்காரரின் கையில் ஒன்றாயிருந்த மூன்றும் இங்கே மூன்றாகப் பிரிந்தன.

ஆயினும், காவலரின் தொகையைப் பற்றிய கணக்கு அத்துணை எளிதன்று. அதனைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஓர் ஆலையில் இரவும் பகலும் காக்கவேண்டிய இடங்கள் பத்து எனக் கொள்வோம். பத்துப் பேர் போதுமா? வாரத்திற்கு 168 மணி நேரம். ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரமாக வாரத்தில் 6 நாள் உழைத்தால் 48 மணி நேரம் ஆயிற்று. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. ஆகவே பத்து இடங்களுக்கு 35 பேர் வேண்டும். விடுப்புக்கும் பயிற்சிக்குமாக ஆண்டில் 60 நாள்களைக் கழித்தால், தேவை ஏறத்தாழ 42 ஆகிறது. இப்பொழுது பணமில்லை என்று கூறி 24 பேரை மட்டும் அனுமதித்தால் என்ன நேரும்? விடுப்பே எடாவிட்டாலும் ஒவ்வொருவரும் வாரத்திற்கு 70 மணி நேரம் நிற்கவேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் மிச்சமான பணம் காவலரின் கண்ணிலிருந்தும் காலிலிருந்தும் எடுக்கப்பட்டதாகும். காவலிடம் காலியாகத் தெரியாது. ஆனால் அங்கே நிற்பவர் நின்றபடியே உறங்குவார்.

காவலரின் குறைகளைக் கேளாதிருப்பதன் விளைவை நம் நாடு 1979-இல் கண்டது. ஊதியம், பணிநிலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கோரி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடையே கிளர்ச்சி எழுந்தது. ஜூன் மாதம் பொகாரோ உருக்காலை நகரில் அவர்களிடமிருந்து ஆயுதங்களைக் களைய இராணுவமே அழைக்கப்பட்டது. இரு பக்கமும் சுட்டதில் பலர் மாண்டனர். இருவரும் இந்நாட்டின் சீருடை அணிந்தவரே. ஆயுதம் தாங்கியவர் கட்டுப்பாட்டை மீறியது பெருந்தவறு. அவர்களுடைய குறைகள் முறையான வழியில் உரிய காலத்தில் தீராமற்போனதும் தவறே. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டு, அப்படை மத்திய அரசின் ஆயுதப் படையாயிற்று. கட்டுப்பாடு இறுகிற்று. கட்டுப்பாடு இறுக இறுக, காவலரின் நலனைக் கவனிக்கும் கடமையும் அரசுக்கு மிகுகின்றது அன்றோ?

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவேன். 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று கடத்தப்பட்டுக் காந்தகாருக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன்பின் விமான நிலையக் காவல் மாநிலப் போலீஸிடமிருந்து இப்படையின் கைக்கு மாறலாயிற்று. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் விமான நிலையம் முதலில் வந்தது. 2007-இல் தில்லி மெட்ரோ இரயிலின் காவலும் அதனிடம் வந்தது. 2008-இல் மும்பை நகரில் நடந்த கொடுந்தாக்குதலுக்குப் பின், 2009-இல் சட்டத்தைத் திருத்தித் தனியார் நிறுவனங்களுக்கும் கட்டணத்தின் பேரில் காவல் அளிக்க வழி செய்யப்பட்டது. 2,800 பேருடன் தொடங்கிய படையின் உச்ச வரம்பை 2,20,000-ஆக உயர்த்த 2025-இல் அரசு ஒப்புதல் அளித்தது.

விமான நிலையக் காவலுக்குக் கூலி கொடுப்பவர் யார் தெரியுமா? பயணிகளே. முன்பு பயணியர் சேவைக் கட்டணத்தில் ஒரு பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டது. 2019 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக விமானப் பாதுகாப்புக் கட்டணம் டிக்கெட்டிலேயே சேர்த்துப் பெறப்படுகிறது. உள்நாட்டுப் பயணத்திற்கு அது 150 ரூபாயாகத் தொடங்கிப் பின்னர் உயர்த்தப்பட்டது. அப்பணம் ஒரு தனி அறக்கட்டளைக்குச் சேர்ந்து, காவற்செலவுக்குப் பயன்படுகிறது. ஆனால் 2020-இல் தொற்றுநோயால் விமானங்கள் நின்றபொழுது பயணிகளும் இல்லை, கட்டணமும் இல்லை. காவலரோ நின்றாகவேண்டும். வருவாயோடு மட்டும் காவலைக் கட்டிப்போட்டால், வருவாய் வற்றும் நாளில் காவலின் கதி என்ன என்ற கேள்வியை அவ்வாண்டு எழுப்பிற்று.

மாணவர்களே, பாடிகாவல் இறையிலிருந்து பயணச் சீட்டுவரை வந்துவிட்டோம். இந்நெடிய வரலாற்றில் நாம் காணும் உண்மை ஒன்று. காவலுக்குப் பணம் தருவது எந்தக் கையாகவும் இருக்கலாம். வணிகராகலாம், ஆலையாகலாம், பயணியாகலாம், வரி செலுத்தும் பொதுமக்களாகலாம். ஆனால் காவலரின் தொகையைத் தேவையை அளந்து வரையறுக்கவேண்டும்; அவருடைய அதிகாரம் பொதுச் சட்டத்திலிருந்து வரவேண்டும்; அதனைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கவேண்டும். பணம் தருபவனே எல்லாம் என்றானபொழுது தேம்ஸ் நதிக்கரையில் கலவரம் மூண்டது. பணம் தந்தவர்க்குக் கேட்கும் உரிமையே இல்லாதபொழுது தூத்துக்குடி மக்கள் தண்டப்பட்டனர். காவலரின் குரலையே கேளாதபொழுது பொகாரோவில் குருதி சிந்திற்று.

நாளை உங்களுள் சிலர் நிதித்துறையில் அமர்வீர்கள். சிலர் சட்டமன்றத்தில் பேசுவீர்கள். சிலர் காவற்சீருடை அணிவீர்கள். "இத்தனை காவலர் எதற்கு?" என்ற கேள்வி அன்றும் எழும். கேளுங்கள், கேட்கவேண்டிய கேள்வியே அது. ஆனால் விடை எழுதுமுன் 168-ஐ 48-ஆல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். ஒன்றும் நடவாத இரவு தானே வந்ததன்று. ஒருவர் விழித்திருந்தமையால் வந்தது. அவர் விழித்திருக்கக் கூடிய அளவுக்கு நாம் அவருக்கு ஓய்வும் துணையும் கூலியும் தந்தோமா என்பதே கணக்கின் கடைசி வரி.